கரம் தீர்த்தவனுக்கே ஓட்டு

நெடுமங்காடு வழியாகப் பொன்முடி ஏறும்போது, கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மேலே போகப் போகத் தேயிலை. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் இத்தகைய தோட்டங்களுக்குக் கரம், அதாவது நிலவரி, கட்டியவர் முதலாளி. அந்தப் பணத்தைச் சம்பாதித்துத் தந்தவை கொழுந்து கிள்ளிய கைகள். ஓட்டு, ரசீதில் பெயர் இருந்தவருக்கு.

இந்த ஏற்பாடு பிறந்தது 1904-இல். மூலம் திருநாள் மகாராஜாவின் திவான் வி.பி. மாதவராவ் மைசூர் அரசில் பணியாற்றி வந்தவர். மைசூரில் 1881-லேயே பிரதிநிதிகள் சபை ஒன்று கூடத் தொடங்கியிருந்தது. அதே வழியில் திருவனந்தபுரத்திலும் ஸ்ரீமூலம் பிரஜா சபை உருவானது. முதல் கூட்டம் அக்டோபரில், விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில். வந்தவர்களை அதிகாரிகளே பொறுக்கி எடுத்தார்கள். வருஷத்துக்கு 100 ரூபாயாவது நிலவரி கட்டுகிறவரா என்று பார்த்தார்கள். மறு வருஷம் தேர்தல் வந்தது. 50 ரூபாய் நிலவரியோ 2,000 ரூபாய் வருமானமோ இருந்தால் ஓட்டு. பட்டம் வாங்கிப் பத்து வருஷம் ஆனவர்களுக்கும் உண்டு.

அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. கஜானாவை நிரப்புகிறவன் திவானுக்கு எதிரே நின்று குறை சொல்லலாம் என்பதே புதிது. ஆனால் கஜானாவை நிரப்பியது யார் என்ற கேள்வியை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. உப்புக்கும் புகையிலைக்கும் கள்ளுக்கும் அரசு வாங்கிய வரி ஏழையின் கூலியிலிருந்தும்தான் போனது. அதற்கு யாரும் ரசீது எழுதிக் கொடுக்கவில்லை.

புலையர்களின் நிலைமையைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். சொந்த நிலம் இல்லை, அதனால் கரம் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. அவர்களின் தலைவர் வெங்கானூர் அய்யங்காளி பிரஜா சபைக்குள் போனது 1911-இல், அரசின் நியமனத்தால்தான். தேர்தல் வழியாக அவர் இனம் அவரை அனுப்பியிருக்க முடியாது. அங்கே போய் அவர் கேட்டவற்றில் முக்கியமானது நிலம்: புதுவல் எனப்படும் தரிசைத் தம் மக்களுக்குப் பதிந்து தரவேண்டும் என்றார். பிரஜா சபை முதன்முதலாகக் கூடிய அந்த மண்டபத்துக்கு 2019 முதல் அய்யங்காளி ஹால் என்று பெயர். மிகப் பொருத்தமான பெயர் மாற்றம் என்பேன்.

வரம்பு மெல்ல இறங்கியது. 1921-இல், பிரஜா சபைக்குத் தனியே இருந்த சட்டசபைக்கு 5 ரூபாய் நிலவரி போதும் என்றானது. பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. ஆனாலும் அளவுகோல் மாறவில்லை. நிலம் யார் கையில் குவிந்திருந்ததோ அவர்கள் பக்கமே சபையும் சாய்ந்தது. 1932 சீர்திருத்தத்திலும் இதுவே தொடர்ந்ததால் ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து தேர்தலைப் புறக்கணித்தார்கள். தலையை எண்ணுங்கள், நிலத்தை எண்ணாதீர்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அந்தப் போராட்டத்தில் 1935-இல் கோழஞ்சேரியில் பேசியதற்காக ஈழவர் தலைவர் சி. கேசவன் சிறைக்குப் போனார்.

இன்றும் நம் ஊர்களில் படித்தவர்களே சொல்லக் கேட்கிறேன்: வருமான வரி கட்டுகிறவனுக்கு மட்டும் ஓட்டு வைத்தால் நாடு உருப்படும் என்று. கோபம் புரிகிறது. யோசனை நூறு வருஷத்துக்கு முந்தைய தவறு. சோப்பு வாங்கும் கூலிக்காரி ஜி.எஸ்.டி. கட்டித்தான் வாங்குகிறாள். அவள் கொடுப்பதை வரி இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூர் முதன்முறையாக வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு வைத்துத் தேர்தல் நடத்தியது. நிலம் இல்லாதவரும் வரிசையில் நின்றார்கள். அந்தத் தேர்தலில்தான் தமிழர் தலைவர் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தென்பகுதித் தமிழர் பகுதிகளில் பெருவெற்றி பெற்றது. தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற கோரிக்கை சபையின் கணக்கில் ஏறியது அப்போதுதான். எட்டே வருஷத்தில், 1956 நவம்பர் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.