பொன்னின் எடையும் செய்தவர் பெயரும்

நகை என்றவுடன் நாம் கேட்கும் கேள்விகள் நான்கு. எத்தனை பவுன், மாற்று என்ன, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு? இந்நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால், அந்நகையைப் பற்றி அறிய வேண்டிய அனைத்தையும் அறிந்தாயிற்று என்று கருதுகிறோம். அதைச் செய்தவர் யார் என்னும் ஐந்தாவது கேள்வி நம் நாவில் எழுவதேயில்லை. பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்போன்றோர்க்கு எடைக் கணக்கு இன்றியமையாததுதான். நள்ளிரவில் ஓர் ஆபத்தென்றால் ஓடிவர அண்ணன் தம்பி அருகில் இல்லாத ஊரில், பெட்டிக்குள் இருக்கும் பொன்னே உடன்பிறப்பு. இதில் பிழை காண்பது என் நோக்கமன்று. ஆயினும் அந்த ஐந்தாவது கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சிறிது காண்போம்.

மொழிபெயர்ப்பு என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சொல்லின் பொருளைத் தேடி, ஐரோப்பிய அணிகலன்களைப் பற்றிய நூலொன்றைப் புரட்ட நேர்ந்தது. அதில் ஒவ்வொரு படத்தின் கீழும் முதற்கண் செய்தவர் பெயர் இருந்தது. பிறகே பொருளும் ஆண்டும் இருந்தன. எடை எங்கும் இல்லை. நம் நாட்டுப் பழைய அணிகளுக்கு எழுதப்படும் குறிப்புகளிலோ அரச வமிசம் இருக்கும், ஊர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும். செய்தவர் பெயர் இருப்பது மிக அரிது. தேடிய சொல்லை மறந்தேன். நகைக்கடைப் படியேற அஞ்சும் சம்பளக்காரனாகிய நான், அன்றுமுதல் நகைக் கலைஞர்களின் வரலாற்றில் மூழ்கலானேன்.

அவ்வரலாற்றின் வாயிலில் நிற்பவர் ரெனே லாலிக். 1860-ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்து, பதினாறாம் வயதில் பாரிஸ் நகரப் பொற்கொல்லர் ஒருவரிடம் தொழில் பழகியவர். வைரத்தின் பருமனே நகையின் பெருமை என்றிருந்த அந்நகரில், அவர் மாட்டுக் கொம்பைச் செதுக்கிச் சீப்புகள் செய்தார். கண்ணாடியையும் எனாமலையும் பொன்னுக்கு நிகராக அமர்த்தினார். 1900-இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் வைத்த அணிகளுள் ஒன்று, தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண் எழுவது போன்ற மார்பணி. பின்தகடு இன்றி, ஒளி ஊடுருவுமாறு எனாமல் வார்க்கப்பட்ட சிறகுகள். அவற்றிடையே சந்திரகாந்தக் கற்கள். அகலம் சுமார் 27 செண்டிமீட்டர். இதனை அணிந்து நடமாடுவது எளிதன்று. ஆனால் காண்பவர் கேட்ட முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. செய்தவர் யார் என்பதே. இன்று அது போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில், குல்பெங்கியன் அரும்பொருட்சாலையில் உள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நோக்கு மேலும் வளர்ந்தது. 1961-இல் லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் தற்கால அணிகலன்களுக்கென ஓர் அனைத்துலகக் கண்காட்சி நடந்தது. ஓவியரும் சிற்பியரும் செய்த நகைகள் அங்கே நகைத் தொழிலாளர் படைப்புகளோடு ஒருசேர வைக்கப்பெற்றன. 1967-இல் ஹாலந்து நாட்டுத் தம்பதியரான கெய்ஸ் பக்கரும் எம்மி வான் லேர்சும் அலுமினியத் தகட்டிலும் குழாயிலும் கழுத்தணிகள் செய்து, ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையில் காட்சிக்கு வைத்தனர். அடுப்பின் புகைபோக்கிக் குழாயை நினைவூட்டும் கழுத்தணியும் அவற்றுள் ஒன்று. நகை செல்வர்க்கே உரிய செல்வச் சின்னமாக இருத்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. அவர்கள் பொன்னைத் தாமாகவே துறந்தனர்.

அதே பத்தாண்டில் நம் நாட்டில் நடந்தது என்ன? 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரால் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. தங்கக் கடத்தலைத் தடுக்கவும் பொன்மோகத்தைக் குறைக்கவும் கருதி, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புது நகை செய்யலாகாது என்பது அவ்விதி. 22 காரட்டில் பரம்பரையாகப் பழகிய கைக்கு அந்தக் கலப்புப் பொன் இணங்கவில்லை. வாங்குவோர் மனமும் இணங்கவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் பட்டறைகளில் உலை அணைந்தது. வேறு தொழில் தேடிப் போனவர் பலர். உயிரையே மாய்த்துக்கொண்டவரும் உண்டு. 14 காரட் விதி 1966-இல் நீக்கப்பட்டது. எனினும் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே இயற்றப்பட்டு, 1990 வரை நிலவியது. அங்கே கலைஞன் பொன்னை விலக்கினான். அவன் பெயர் நிலைத்தது. இங்கே பொன் கலைஞனிடமிருந்து விலக்கப்பட்டது; அவனுக்கு முன்பே பெயரில்லை, பின்பு பிழைப்பும் இல்லாமற்போயிற்று.

மீண்டும் ஐரோப்பாவுக்குச் செல்வோம். பக்கர் 1973-இல் செய்தது விந்தையிலும் விந்தை. பொற்கம்பியை உடலில் இறுகக் கட்டி, பின் அவிழ்த்தார். தோலில் பதிந்த தடமே அணிகலன் என்றார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியின் மியூனிக் நகரில் பயின்ற ஆட்டோ கியூன்ஸ்லி, 1980-இல் கறுத்த ரப்பர் குழாய் ஒன்றைக் காப்பாக வளைத்தார். அதனுள்ளே ஒரு பொற்குண்டு. வெளியே தெரிவது ரப்பரின் புடைப்பு மட்டுமே. உள்ளிருப்பது பொன்தானா என்று காண வேண்டுமானால் காப்பை அறுத்தாக வேண்டும். அறுத்தால் காப்பு இல்லை. பொன் கண்ணை மறைக்கும் என்பதே அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள். பிறர் அணிந்து கழித்த 48 திருமண மோதிரங்களைக் கோத்து, 1985-86-இல் அவர் ஒரு சங்கிலியும் செய்தார். எடை போட்டால் அதுவும் பொன்தான். ஆனால் நாற்பத்தெட்டு மணவாழ்வுகளைக் கழுத்தில் சுமக்க யார்தான் முன்வருவர்?

கியூன்ஸ்லியின் காப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு மதுரை நினைவுக்கு வந்தது. கண்ணகியின் சிலம்புக்குள் இருந்தது மாணிக்கம். பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் இருந்தது முத்து. வெளித்தோற்றத்தில் ஒன்றை ஒன்றாக மயங்கச் செய்த அவ்வேலைப்பாட்டின் உள்ளே உண்மை மறைந்திருந்தது. உடைத்த பிறகே அது வெளிப்பட்டது. அக்காப்பியத்தில் வஞ்சித்த பொற்கொல்லனுக்கும் பெயரில்லை; அத்துணை நுட்பமாகச் சிலம்புகளைச் செய்த கைகளுக்கும் பெயரில்லை.

நேயர்களே, இவ்வரலாறு என் வீட்டையும் தொட்டதனால்தான் இதனைச் சொல்ல முற்பட்டேன். என் பாட்டிக்கு ஓர் அட்டிகை இருந்தது. ஊர் ஆசாரி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உமியோட்டை வைத்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் செய்தது என்பார். தங்கையின் திருமணத்தின்போது அதை அழித்துப் புது மாதிரியில் செய்யலாம் என்று யோசனை கூறியவன் நானே. தில்லிக் கடையில் உருக்கினார்கள். எடை மில்லிகிராம் வரை குறிக்கப்பட்ட ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு குன்றிமணியும் குறையவில்லை. இந்நூல்களையெல்லாம் படித்த பின், அதைச் செய்த ஆசாரியின் பெயரென்ன என்று ஊருக்கு எழுதிக் கேட்டேன். ஆசாரி என்றே அழைத்தோம் என்று விடை வந்தது. 1963-இல் அவர் அடுப்பு எரிந்ததா அணைந்ததா என்று சொல்லவும் ஆளில்லை. எடையை மீட்டேன், அட்டிகையை இழந்தேன்.

உங்கள் பெட்டியிலும் ஒரு பழைய நகை இருக்கலாம். அதைச் செய்தவர் பெயரை அறிந்த பெரியவர் எவரேனும் உயிரோடிருந்தால், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்நகையோடு வையுங்கள். அந்தத் தாளுக்கு எடையில்லை. நாளை உங்கள் பேத்தி அதை உருக்கக் கொடுக்குமுன் ஒரு கணம் தயங்குவாளாயின், அத்தாளே அதற்குக் காரணமாயிருக்கும்.