ஒரே தொகுதியில் 1033 வேட்பாளர்கள்!

ஒரு சட்டமன்றத் தொகுதியில் எத்தனை பேர் போட்டியிடுவார்கள்? பத்து பேர், மிஞ்சிப்போனால் இருபது முப்பது பேர். 1996 தேர்தலில் மொடக்குறிச்சியில் 1033 பேர் நின்றார்கள்! ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. மற்ற தொகுதிகளில் தேர்தல் முடிந்து சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் அங்கே வாக்குப்பதிவு நடந்தது.

மொடக்குறிச்சி ஈரோட்டை அடுத்த விவசாய பூமி. திருப்பூர்க்காரர்களுக்கு அது ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. தங்கள் கோரிக்கைகளை அரசு காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு தாக்கல் செய்தார்கள். ஜெயிப்பது நோக்கமே இல்லை. ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஆனால் நாடே திரும்பிப் பார்த்தது. அதே வருடம் ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் ஃப்ளோரைடு கலந்த குடிநீர்ப் பிரச்சினைக்காக 480 பேர் களத்தில் நின்றார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். 1951-ல் சட்டம் வந்தபோது வைத்த தொகை, 45 வருடமாக மாறவே இல்லை. 1033 பேர் கட்டிய மொத்தப் பணமும் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஒரு தொகுதியின் மக்கள் தங்கள் குறையை டெல்லி வரை கேட்க வைக்க அது ரொம்ப மலிவான செலவு!

அதற்கு டெல்லி சொன்ன பதில்தான் கவனிக்க வேண்டியது. 1996-லேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250-லிருந்து 5000 ஆனது, அதாவது 20 மடங்கு. மக்களவைக்கு 500-லிருந்து 10,000. சுயேச்சை என்றால் ஒருவருக்குப் பதில் பத்து பேர் முன்மொழிய வேண்டும். பலன் உடனே தெரிந்தது. 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 13,952 வேட்பாளர்கள். 1998-ல் 4,750 பேர்தான்.

இது சரியா? தேர்தலை நடத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால் சரிதான். ஓட்டுச்சீட்டு புத்தகமானால் வாக்காளர் தேடும் பெயர் எங்கே கிடைக்கும்? ஆனால் கதவைத் தட்டியவர்களின் குறையைத் தீர்ப்பதற்கு முன், தட்டும் கட்டணம்தான் ஏறியது. அப்படியும் தட்டுவது நிற்கவில்லை. 2019-ல் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் சுமார் 178 பேர் ஆளுக்கு 25,000 ரூபாய் டெபாசிட் கட்டி மக்களவைக்குப் போட்டியிட்டார்கள். 2025-ல் அதே ஊரில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் மக்களே நேரடியாக முடிவு செய்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் மேலே திருப்பூர் சாயப்பட்டறைகள், கீழே ஒரத்துப்பாளையம் அணையும் வயல்களும். தலையை எண்ணி முடிவெடுத்தால், பனியன் தொழிலை நம்பியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு முன்னால் ஆற்றங்கரை விவசாயிகள் எந்த மூலைக்கு? அவர்கள் சட்டமன்றத்தை நம்பிக் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேச வேண்டியது பிரதிநிதிகளின் வேலை. அது நடக்காதபோது நீதிபதி அந்த வேலையைச் செய்ய வேண்டியதாகிறது.

1774-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் எட்மண்ட் பர்க் இதைத்தான் வாதாடினார். எம்.பி. என்பவர் தொகுதியின் உத்தரவைச் சுமக்கும் தூதர் அல்ல, யோசித்து முடிவெடுப்பவர் என்றார். அழகான வாதம்! ஆனால் 1780-ல் பிரிஸ்டல் மக்களின் ஆதரவை இழந்து அங்கே போட்டியிலிருந்து விலகினார்.

நம் ஊரில் நடுவழி ஒன்று இருக்கிறது: கிராம சபை. 1994 ஊராட்சிகள் சட்டப்படி வந்தது. வருடத்துக்கு நான்கு முறை கூடிக்கொண்டிருந்தது, பிறகு ஆறு முறை ஆனது. வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம், டெபாசிட் கிடையாது. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். திருப்பூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களில் பலருடைய பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. அவர்கள் குடிப்பது இங்கத்து தண்ணீர், நடப்பது இங்கத்து ரோடு.

மொடக்குறிச்சி விவசாயிகளுக்கு 250 ரூபாயாவது ஒரு வழி திறந்தது. இவர்களுக்கு?