ககனேந்திரநாத் தாகூரின் கல்லச்சுக் கேலிப்படங்கள்

வங்காள ஓவியர் ககனேந்திரநாத் தாகூர் (1867–1938) தம் காலத்து மேல்தட்டு மக்களைக் கேலி செய்து வெளியிட்ட அச்சுப்படத் தொகுப்புகள். ‘பிரூப் பஜ்ர’ (1917), ‘அத்புத லோக்’, ‘நப ஹுல்லோட்’ (1921) என மூன்று தொகுப்புகள் உண்டு.

இவ்வகைப் படங்களுக்குப் பெயர் பெற்ற நாடு பிரான்ஸ். கண்ணாடி வேலைக்காரரின் மகனான ஓனோரே தோமியே, மன்னர் லூயி பிலிப்பை மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பெருவயிற்று அரக்கனாக 1831இல் வரைந்தார். அதற்காகச் சிறையும் சென்றார். 1835இல் அரசியல் கேலிப்படங்களுக்குத் தணிக்கை வந்ததும் அவர் வக்கீல்கள், பணக்காரர்கள், மோசடி வணிகர்கள் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்கள் வரைந்தார்.

சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசைக் கோலால் வரைந்து, நீரால் நனைத்து, மை ஒற்றி எடுப்பது கல்லச்சு. நீர் படிந்த இடத்தில் மை ஒட்டாது. பசைக்கோடு மட்டும் மையைப் பிடிக்கும். செதுக்குபவர் தேவையில்லை, ஓவியரின் கைக்கோடு அப்படியே தாளுக்கு வரும். கேலிப்படத்தின் வேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை. பேச்சு வழக்கில் இது ‘லித்தோ’. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள்களும் சாமி படங்களும் ஒரு காலத்தில் இம்முறையில்தான் அச்சாயின.

தோமியே கீழிருந்து மேலே பார்த்து வரைந்தார். ககனேந்திரநாத்தோ ஜோராசாங்கோ ஜமீன் குடும்பத்துப் பிள்ளை, ரவீந்திரநாத் தாகூரின் உறவினர். தம் சொந்த வர்க்கத்தையே வரைந்தார். அவருடைய கேலியின் அரிய துணிவு இதுதான். துரைமாரைப் போல் உடுத்தித் திரியும் ‘பாபு’ எனும் வங்காளக் கனவான், ஆசாரம் பேசிக்கொண்டே ஆசையில் விழும் பெரிய மனிதர், படித்தவர்களை ஒரே அச்சில் வார்க்கும் இயந்திரமாகப் பல்கலைக்கழகம் என அவர் கோடு யாரையும் விடவில்லை. சாதியை மனிதரை அரைக்கும் ராட்சதத் திருகையாகக் காட்டிய படம் இன்றும் உறைக்கிறது.

தமிழில் கேலிப்படத்துக்கு முன்பே வழி திறந்தவர் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார். 1906இல் சென்னையில் தொடங்கிய அவருடைய ‘இந்தியா’ வார இதழின் கேலிச்சித்திரங்கள் ஆங்கில ஆட்சியையும், அதனிடம் மனுப்போட்டுக் காத்திருந்த மிதவாதக் கனவான்களையும் தாக்கின. 1908இல் வழக்கு வந்தபின் இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது, 1910இல் நின்றது.