மிகுபுனைவும் அறிவியல் புனைவும்

இயல்பு உலகைக் கடந்த கதைகளின் இரு வகைகள். மிகுபுனைவில் மாயம் தன்னளவில் உண்மை, காரணம் கேட்கப்படுவதில்லை. அறிவியல் புனைவில் வியப்புக்கு அறிவு சார்ந்த ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

1947இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா இதழில் வந்த கதைகளில் விக்கிரமாதித்தனின் தோளில் கிடக்கும் பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் பேசுகிறது. பிணம் எப்படிப் பேசும் என்று எவரும் கேட்பதில்லை. எழுத்தாளர் சுஜாதாவின் (1935–2008) ‘என் இனிய இயந்திரா’ நாவலில் ஜீனோ என்ற நாயும் பேசுகிறது. ஆனால் அது இயந்திரம். மனிதர் செய்தது, பழுதாகக்கூடியது. அதன் பேச்சுக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது இந்த ஒன்றுதான். கதை எதிர்காலத்தில் நடப்பதோ விண்கலம் வருவதோ அல்ல.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. ஜெயமோகனின் ‘விசும்பு’ சிறுகதைத் தொகுப்பு மரபான இந்திய அறிவுத்துறைகளையே அறிவியல் கற்பனைக்கு அடித்தளமாக்குகிறது. தமிழில் இவ்வகையில் நிகழ்ந்த துணிச்சலான முயற்சி இது.

சுஜாதாவோடு தமிழ் அறிவியல் புனைவு முடிந்துவிட்டது என்ற எண்ணம் தவறு. 2019இல் ‘அரூ’ இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டி பல புதிய எழுத்தாளர்களை முன்னிறுத்தியது. ஜீனோவை நேசித்தவர்கள் அடுத்து அவர்களைத் தேடிப் படிக்க வேண்டும்.