வடத்தின் கடைசி முனை

'டு த பிட்டர் எண்ட்' என்ற தொடரை முதன்முதலாகப் பார்க்கும் தமிழ் மாணவர் 'கசப்பான முடிவு வரை' என்றுதான் எழுதுவார். பிட்டர் என்றால் கசப்பு, எண்ட் என்றால் முடிவு. வேறு எப்படி எழுதுவது? ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'கடைசி வரை, விடாப்பிடியாக' என்று திருத்துவார். கசப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், மரபுத்தொடர் அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்று முடித்துவிடுவார். அந்தக் கேள்வியை அப்படித் தட்டிக்கழிக்கக் கூடாது. அதற்கான விடை பழைய பாய்மரக் கப்பலில் இருக்கிறது.

கப்பலின் முன்பகுதியில் பருத்த இரண்டு மரத்தூண்களும் அவற்றின் குறுக்கே ஒரு கட்டையும் இருக்கும். மாட்டுக்கு முளை எப்படியோ, நங்கூர வடத்துக்கு அது அப்படி. அதன் பெயர் பிட்ஸ். நங்கூரத்தை இறக்கியதும் வடத்தை அதில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார்கள். அந்தச் சுற்றுக்குப் பெயர் பிட்டர். கப்பலுக்குள்ளேயே தங்கும் முனை பிட்டர் எண்ட்.

இதை 1627லேயே அச்சில் விளக்கியவர் கேப்டன் ஜான் ஸ்மித். 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய அதே ஸ்மித். இளம் மாலுமிகளுக்காக 1626இல் ஒரு கைநூல் எழுதி, மறு ஆண்டு அதையே விரித்து 'எ சீ கிராமர்', அதாவது கடல் இலக்கணம், என்று வெளியிட்டார். தலைப்பே எனக்கு மிகவும் பிடிக்கும். கரையில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயனுக்கும் கப்பல் ஆங்கிலத்தை இலக்கண நூல் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த வடம் சாதாரணக் கயிறல்ல. சணல் போன்ற ஹெம்ப் நாரில் திரித்தது. 1765இல் சாத்தம் துறையில் வெள்ளோட்டம் கண்ட விக்டரி போர்க்கப்பலின் பெரிய நங்கூர வடத்துக்குச் சுற்றளவு 24 அங்குலம். இவ்வளவு பருத்த, நீண்ட வடத்தை முறுக்க நீளமான கூடம் வேண்டும். சாத்தத்தில் இன்றும் நிற்கும் கயிற்றாலையின் நீளம் 346 மீட்டர். வடத்தின் நீளத்தை ஃபேதம் கணக்கில் சொல்வார்கள். இரு கையையும் விரித்த அளவு, நம் மீனவர்கள் சொல்லும் பாகம். கடலில் கிடக்கும் பகுதி பாறையில் உரசித் தேயும், உப்புநீரில் ஊறி நையும். உள்ளே கிடக்கும் பிட்டர் எண்ட் புதிதுபோல இருக்கும். அதனால் சில காலம் ஆனதும் வடத்தைத் தலைகீழாக மாற்றிப் போடுவதும் உண்டு.

புயலில் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனால் இன்னும் வடம் விட வேண்டும். விட்டு விட்டு பிட்டர் எண்ட் வந்துவிட்டால், அதற்குமேல் விட ஒன்றுமில்லை. 1867இல் வெளியான அட்மிரல் ஸ்மைத்தின் மாலுமிச் சொல்லகராதியும் இதைத்தான் சொல்கிறது. கையிருப்பு முழுவதும் தீர்ந்த நிலை என்ற பொருள் கரைக்கு வந்தது இந்த வழியில்தான் என்று நான் நம்புகிறேன்.

எதிர்க்கட்சியும் உண்டு. பைபிளின் நீதிமொழிகள் 5ஆம் அதிகாரத்தில் கசப்பான முடிவு நேராகவே வருகிறது. தமிழ் பைபிள் அங்கே எட்டியைச் சொல்கிறது. 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பை வாரந்தோறும் காதில் கேட்டவர்களுக்கு அந்தக் கசப்பு மறந்திருக்காது. ஆகவே தொடரைத் தந்தது கயிறு, அதன் சுவையைத் தந்தது வேதம் என்பது என் கணிப்பு. இன்றைய ஆங்கிலேயர் இதைச் சொல்லும்போது எவ்வளவு துன்பம் வந்தாலும் என்ற தொனியும் சேர்ந்தே ஒலிக்கிறது. பிட்ஸை மறந்துவிட்டு அவர்களும் கசப்பைத்தான் கேட்கிறார்கள். நம் மாணவர் எழுதியதை அடிக்கும் ஆசிரியர் இதையும் ஒரு வரி சொல்லலாம்.

'டேக்கன் அபேக்' என்பதும் இதே கப்பலில் ஏறி வந்ததுதான். எதிர்க்காற்று பாயை முன்பக்கமிருந்து பாய்மரத்தோடு அழுத்த, கப்பல் சட்டென்று நின்றுபோகும். திகைத்து நிற்பவரை ஆங்கிலம் அப்படிச் சொல்கிறது.

ஹெம்ப் வடத்தின் இடத்தை 19ஆம் நூற்றாண்டில் இரும்புச் சங்கிலி பிடித்தது. பெயர் மட்டும் மாறவில்லை. கப்பல் வேலைக்குப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும், சங்கிலி அறைக்குள் பூட்டியிருக்கும் கடைசி வளையத்தை பிட்டர் எண்ட் என்றே படிக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் நங்கூரத்தைச் சங்கிலியோடு கைவிட்டுத் தப்ப வேண்டியிருந்தால், அந்த வளையத்தைப் பிடித்திருக்கும் முள்ளைத் தட்டிவிட்டால் போதும்.