செல்ஃப் மோட்டார் சுமந்த பழி

பட்டனை அழுத்தினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, வண்டி கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவர் ஸ்டாண்டு போடுவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "செல்ஃப் மோட்டார் போச்சுண்ணே." சென்னையில் பழைய பைக்குகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகமும் புதுப்பேட்டையில் பழைய மோட்டாரும் தேடி அலைந்தே வயதாகிவிட்டது. மோட்டார் உண்மையிலேயே செத்துப்போய் என் மேசைக்கு வந்தது அபூர்வம். அதன் நூறாண்டுச் சரித்திரமும் அதையேதான் சொல்கிறது. பழி மோட்டார் மேல் விழும். குற்றம் வேறெங்கோ இருக்கும்.

இந்தக் கதை கார்களிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங், கடைகளின் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லா திறக்கும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் மோட்டார் ஓடினால் போதும் என்பதால், சிறிய மோட்டாரிலேயே தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கலாம் என்று அங்கே கண்டுகொண்டார். அதே கணக்கைக் காருக்குப் போட்டார். 1912 மாடல் காடிலாக் செல்ஃபில் கிளம்பியது. உங்கள் பைக்கின் செல்ஃப் மோட்டார் இத்தனை சிறியதாக இருப்பதற்கும் அதுவே காரணம். சில விநாடி உழைப்புக்காகச் செய்த பொருள் அது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே கம்பிச்சுற்று வெந்துபோகும்.

கார் கிளம்பியதைப் பார்த்து பைக்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த இந்தியன் நிறுவனம் 1914-க்கு 'ஹெண்டி ஸ்பெஷல்' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. ஆயிரம் சிசிக்குச் சற்றே குறைந்த இரட்டை சிலிண்டர், இரண்டு 6 வோல்ட் பேட்டரி. மோட்டாரே ஜெனரேட்டராகவும் வேலை செய்யும். துணிச்சலான யோசனைதான். ஆனால் அந்தக் காலத்துப் பேட்டரிகள் சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை. சீக்கிரமே அந்த மாடலையே கைவிட்டார்கள். தோற்றது பேட்டரி, மூட்டை கட்டியது மோட்டாரையும் சேர்த்து.

அதன்பிறகு நெடுங்காலம் உலகம் கிக்கர் அடித்தது. அன்றைய 6 வோல்ட்டில் அதே சக்தி வேண்டுமானால் 12 வோல்ட்டைப்போல் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதே ஒயரில் இழப்போ நான்கு மடங்கு. நிலைமையை மாற்றியது ஜப்பான். ஹோண்டா 1958-இல் 250 சிசி டிரீமிலும், 1960-இல் சின்னஞ்சிறு சூப்பர் கப்பிலும் செல்ஃப் வைத்தது. ஹார்லி-டேவிட்சன் 1965-இல் 12 வோல்ட்டுக்கு மாறி, வண்டிக்கே எலெக்ட்ரா கிளைடு என்று பெயர் சூட்டியது.

எனக்குப் பாடப்புத்தகம் 1975-இல் வந்த நார்ட்டன் கமாண்டோ 850 மார்க் 3. இங்கிலாந்து வண்டி, அமெரிக்காவின் பிரெஸ்டோலைட் மோட்டார். பட்டனை அழுத்தினால் முனகும்; பெரும்பாலும் கிக்கருக்குத் துணையாகத்தான் இருந்தது. மோட்டார் உதவாக்கரை என்று பெயர் வாங்கியது. பொறுமையான உரிமையாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். நான்கு துருவ மோட்டாரில் இரண்டே கார்பன் பிரஷ்கள்! நான்கு பிரஷ் போட்டு, பேட்டரியிலிருந்து வரும் கேபிளையும் தடிமனாக்கியதும் அதே மோட்டார் இன்ஜினைச் சுழற்றியது.

கரண்ட் போகும் வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. செல்ஃப் அழுத்தும்போது 100 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். துருப்பிடித்த எர்த் போல்ட்டில் 0.02 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் காலி. 'டக் டக்' சத்தத்தின் பொருளும் இதில் இருக்கிறது. ரிலேயை இழுக்கச் சிறு கரண்ட் போதும். இழுத்தவுடன் மோட்டாரின் சுமை ஏறி வோல்ட் சரியும், ரிலே விட்டுவிடும். சுமை போனதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். வலுவிழந்த பேட்டரியும் அழுக்கேறிய இணைப்பும் சேர்ந்து போடும் தாளம் அது. பெரும்பாலும் மோட்டாருக்கு அதில் பங்கே இல்லை.

நம் ஊரில் புல்லட் 1955 முதல் உருவாகிறது, நெடுங்காலம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில். அந்த வண்டியைக் கிளப்புவதே ஒரு கல்வி. கிக்கரை மெல்ல அமுக்க, ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். டிகம்ப்ரஸரைப் பிடித்து, உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, கையை எடுத்து ஒரே மிதி. எங்கள் தலைமுறை இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கால் வழியாகத்தான் கற்றது.

1984-இல் கைனடிக் ஹோண்டா பட்டனோடு வந்தது. 2001-இல் பல்சர் 180 வந்தபோது இளைஞர்களுக்கும் பட்டன் பழகிவிட்டது. பிறகு பல வண்டிகளில் கிக்கரே காணாமல் போனது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பட்டன் வந்ததும் புதிதாக ஒரு நோவும் வந்தது: ஒன்வே கிளட்ச். மோட்டார் இன்ஜினைச் சுழற்றும், கிளம்பிய இன்ஜின் மோட்டாரை இழுத்துக்கொண்டு போகாமல் இது தடுக்கும். பேட்டரி வலு குறைந்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டத் திணறும். அதற்குள் பொறி விழுந்து இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். முன்பு அந்த உதை மிதிப்பவரின் கணுக்காலுக்கு. இப்போது ஒன்வே கிளட்சுக்கு. அது தேய்ந்தால் 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் ஓடும், இன்ஜின் அசையாது. சமீபத்தில் ஒரு பழைய 350-க்கு வேறெங்கோ புது மோட்டார் மாட்டி அனுப்பியிருந்தார்கள். மறுநாளே என்னிடம் வந்தது, அதே 'விர்ர்'.

மோட்டாருக்கும் நோய் உண்டு, மறுக்கவில்லை. பிரஷ் தேயும், புஷ் தளரும், கார்பன் தூள் கம்யூட்டேட்டரின் இடுக்குகளை அடைக்கும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடுக்குகளைக் கீறிவிட்டு, புது பிரஷ் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது மோட்டாரை மாற்றச் சொன்னால், முதலில் பேட்டரி முனைகளில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். பட்டனை அழுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் முதலில் சார்ஜ் ஏற்றி, பேட்டரியைச் சோதியுங்கள். 12-லேயே நின்று, மோட்டாரும் சுற்றவில்லையென்றால் ரிலே, கேபிள், எர்த் என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டாரைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். புதிது வாங்கித்தான் ஆகவேண்டுமென்றாலும் பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குக் கம்பி சுற்றித் தர ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.