வியாழக்கிழமைப் பிள்ளை: ஈராசிரியர் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் சில நாள்கள் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வகுப்புகள், 24 பிள்ளைகள். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் 'கொக்கு' என்ற சொல்லை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கெ… கா…" என்று இழுத்து நிறுத்திக்கொண்டான். வகுப்பாசிரியையிடம் கேட்டேன். "அவனுக்கு வியாழக்கிழமை டீச்சர் வருவாங்க சார்" என்றார். அந்தக் குரலில் அலட்சியம் இல்லை. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தும் ஒருவர், ஒரு பொறுப்பாவது வேறு கையில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வது இயல்புதான். ஆனால் அந்த ஆறுதலுக்கான விலையைக் கொடுப்பவன் பையன். வாரத்தின் மற்ற நான்கு நாள்களும் அவன் எவருடைய மாணவனும் அல்லன்.

சிறிய பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர் போதவில்லை என்பதே வழக்கமான முறையீடு. அது உண்மை. வருகிற பயிற்றுநர் யாருக்காக வருகிறார் என்ற கேள்வி அதைவிட அடிப்படையானது என்பது என் வாதம். அவர் குழந்தைக்காக வருவதாக வைத்திருக்கும் வரை, எத்தனை பேரை நியமித்தாலும் சிறிய பள்ளிக்குப் பெரிதாக ஒன்றும் வந்து சேராது.

கணக்கைப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது; கற்றல் குறைபாடு பட்டியலில் ஏறியது அப்போதுதான். ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, மத்திய அரசு 2022இல் ஒரு விகிதத்தை அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், ஆறு முதல் எட்டு வரை 15 பேருக்கு ஒருவர். நான் சொன்ன பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருவர். விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாலும் அந்தப் பள்ளிக்குக் கிடைப்பது ஒரு சிறப்பாசிரியரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது வாரத்தில் ஒரு நாள். வியாழக்கிழமை நிர்வாகக் கோளாறால் வந்ததன்று. விகிதத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. தலைகளை எண்ணும் விதி பெரிய பள்ளிக்குப் பொருந்தும். சிறிய பள்ளியில் எண்ண வேண்டியது நேரத்தை.

அந்த ஒரு நாளும் முழு நாள் அன்று. பேருந்து வந்து சேரவே பதினொரு மணி ஆகிவிடும். பயிற்றுநர் பையனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போவார். மணி கோத்தல், படஅட்டை, எழுத்தட்டை. ஒரு மணி நேரம் போல நடக்கும். பிறகு பதிவேட்டில் கையெழுத்து, அடுத்த ஊர். வகுப்பாசிரியைக்கும் அவருக்கும் இடையே நடந்த உரையாடல், நான் கேட்டவரை, தேநீரைப் பற்றியது.

இதில் இழப்பு இருபக்கமும் உண்டு. பையன் தமிழில் எங்கே இடறுகிறான் என்பதை நாள்தோறும் கேட்பவர் வகுப்பாசிரியை. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கொம்பு, நடுவில் ககரம், வலப்பக்கம் கால். மூன்று துண்டுகளுக்கும் சேர்த்து ஓர் ஒலி. கண் முதலில் காணும் கொம்பு, வாயில் மெய்க்குப் பின்னால்தான் உயிராக வருகிறது. அந்தச் சிறுவன் கொம்பையும் ககரத்தையும் சேர்த்து 'கெ' என்றான். ககரத்தைக் காலோடு சேர்த்து 'கா' என்றான். பிழைதான், ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஔகாரம் இன்னும் மோசம்: அதன் பின்பாதி ளகரத்தின் வடிவமே. ல, ள, ழ மயக்கத்தை இதோடு சேர்க்கக் கூடாது. பேச்சில் வேறுபடுத்தாத பிள்ளை எழுத்தில் தடுமாறுவது ஊர்வழக்கு, குறைபாடு அன்று. சக பிள்ளைகள் தாண்டிப்போன பின்னும் கொம்பிலும் காலிலும் ஒருவன் சிக்கி நின்றால்தான் கவனிக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பயிற்றுநரின் கையில் நான் பார்த்த சரிபார்ப்புப் பட்டியலோ, ஆங்கில எழுத்துகள் இடம்வலமாக மாறுவதைப் பற்றியே கேட்டது.

சான்றிதழுக்குக் காத்திருப்பதிலும் பொருளில்லை. 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாட்டுக்கான சான்று எட்டு வயதிலிருந்துதான். வாசிக்கப் பழகும் வயது அதற்குள் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

சிறிய பள்ளிக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அதை நாம் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். பல வகுப்புகள் ஓரறையில் இருப்பதால், எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே நடைமுறையில் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், இந்த நிலையையே முறையாக்கியது: ஏணி, அட்டை, அவரவர் வேகம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளிலும் அந்தச் சிந்தனையின் சாயல் தெரிகிறது. சிறப்புப் பயிற்றுநர் செய்ய வேண்டியதில் பாதி இந்தக் கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஆபத்தும் உடனிருக்கிறது: இரண்டாண்டு அரும்பிலேயே இருப்பவனுக்கு அது நிலையாக இராமல் பெயராகிவிடும். பிள்ளைகள் அப்படி அழைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

சிறிய பள்ளி எல்லாருக்கும் உகந்தது என்று நான் சொல்லவில்லை. காது கேளாத ஒரே ஒரு குழந்தை அங்கே படித்தால், சைகையில் பேச அதற்குத் துணை இல்லை. மொழி ஒருவரிடமிருந்து மட்டும் வருவதில்லை, கூட்டாளிகளிடமிருந்து வருகிறது. பாளையங்கோட்டையில் உள்ள காது கேளாதோர் பள்ளியைப் போன்றவை இன்றும் வேண்டியிருப்பது இதனால்தான். பிரெயிலை வகுப்பாசிரியர் வாரம் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டு கற்பித்துவிட முடியாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு இயன்முறை மருத்துவரும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் முதலில் வேண்டும். இவற்றுக்கு ஆசிரியரின் பரிவை மாற்றாகக் காட்டுவது ஏமாற்று வேலை. ஆனால் மெல்லக் கற்போர், கற்றல் குறைபாடு உடையோர், கவனம் சிதறுவோர் ஆகியோரின் கல்வி வகுப்பறையில்தான் நடந்தாக வேண்டும்.

ஆகவே வியாழக்கிழமைப் பதிவேட்டில் ஒரு மாற்றம் கேட்கிறேன். 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: வெள்ளி முதல் புதன் வரை வகுப்பாசிரியர் செய்யவிருப்பது. அதை நிரப்ப வேண்டுமானால் பயிற்றுநர் தாழ்வாரத்தை விட்டு வகுப்புக்குள் வர வேண்டும். அரை மணியாவது மற்ற பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ள, வகுப்பாசிரியை அந்தச் சிறுவனோடு உட்கார வேண்டும். அந்தப் பையன் விஷயத்தில் அங்கே இரண்டு வரி போதும்: கொம்பு, ககரம், கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டிக் கொடு, சேர்த்து வைத்த பிறகே ஒலிக்கச் சொல்.